பெரட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இரண்டரை மணி நேரம்

1. படியில் ஏழு பேர்

நான் சமையல் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை ஏழே முக்காலுக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடம் தொடங்குவது பத்து மணிக்கு. மதியச் சோற்றுக்கு அத்தனை சீக்கிரம் போக வேண்டியதில்லை. ஆனால் புது இடத்தில் அடுப்பு எப்படி எரியும், விறகு எவ்வளவு நனைந்து கிடக்கும் என்று பார்க்காமல் உலை வைத்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஏலப்பாறைப் பக்கம் ஜூன் மாதம் என்றால் விறகு மட்டுமல்ல, தீப்பெட்டியும் நனைந்திருக்கும்.

கேட் பூட்டியிருந்தது. வெளியே சிமெண்டுப் படியில் ஏழு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். உரச் சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் போட்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். பெரட்டுச் சங்கு ஊதுவதற்கு முன்னாலிருந்தே இருக்கிறோம் என்றார்கள்.

தேயிலைத் தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலை ஏழரை மணிக்குத் தொழிலாளிகள் எல்லோரும் ஒரு களத்தில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். சூப்பர்வைசர் பெயர் கூப்பிட்டு, இன்று எந்தக் காட்டில், அதாவது எந்தத் தேயிலைப் பகுதியில், கொழுந்து எடுக்க வேண்டும் என்று பிரித்துவிடுவார். அதுதான் பெரட்டு. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்று வேலை இல்லை. அதனால் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், ஏழேகால் மணிக்கே எல்லா வீட்டிலும் பூட்டுத் தொங்கும். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான கிரச்சில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. இந்த ஏழு பேரும் ஐந்தைத் தாண்டியவர்கள்.

முந்தின நாளே என்னிடம் கொடுத்திருந்த சாவியைப் போட்டுக் கேட்டைத் திறந்தேன். ஏழு பேரும் என் பின்னாலேயே சமையல் புரைக்குள் வந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அடுப்பு இன்னும் மூட்டவே இல்லை. அவர்கள் கையை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கு முன் நான் கம்பத்தில் லாரி கிளீனராக இருந்தேன். குமுளியில் ஏலக்காய் தரம் பிரித்தேன். பள்ளிவாசல் பக்கம் ரோட்டு வேலைக்காரர்களுக்குப் பொங்கிப் போட்டேன். மூணாற்றில் லாட்ஜ் சமையல். எந்த இடத்திலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. யாரும் விரட்டியதில்லை, நானாகவே ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நான் படித்தது ஆறாவது வரை. அதிலும் கடைசி வருடம் பாதிதான். பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

2. சுவரில் ரயில்

பள்ளிக்கூடத்தில் அப்போது பத்தொன்பது பிள்ளைகள். ஒன்று முதல் நாலு வரை வகுப்பு, இரண்டு அறை, இரண்டு டீச்சர்.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஆலீஸ் டீச்சர் கோட்டயம் பக்கத்துக்காரர். மலையாளம் கலந்து தமிழ் பேசுவார். ஏலப்பாறையில் வாடகை வீட்டில் இருந்து பஸ்ஸில் வந்து போனார். இன்னொருவர் முத்துலட்சுமி டீச்சர். இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர், இதே பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஆனால் நிரந்தரமில்லை, தினக்கூலிக்கு டீச்சர். தமிழ்ப் பாடம் நடத்தியது இவர்தான்.

கேரளத்தில் பள்ளிக்கூடம் திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அன்று எத்தனை பிள்ளையோ அதுதான் வருடம் முழுவதுக்கும் கணக்கு. எத்தனை டீச்சர் வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த வருடம் எப்படியோ தப்பியாயிற்று. அடுத்த ஜூனிலும் இப்படியே இருந்தால் தினக்கூலி டீச்சருக்கு அனுமதி கிடைக்காது, முப்பது பேர் இருந்தால் பேசிப் பார்க்கலாம் என்று கல்வி ஆபீசில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முத்துலட்சுமி டீச்சர் போனால் தமிழ் வகுப்பு போய்விடும். பிறகு பிள்ளைகள் பஸ் ஏறி மலையாளப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த ஆறு வயதுப் பிள்ளை அங்கே போய் என்ன செய்யும்? கொஞ்ச நாள் பின்பெஞ்சில் இருக்கும், அப்புறம் வீட்டில் இருக்கும். எனக்கு அது சொந்தமாகவே தெரியும்.

தோட்டத்தில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. காலை ஏழு மணிக்கு டவுனிலிருந்து ஒரு தனியார் இங்கிலீஷ் மீடியத்து மஞ்சள் வேன் லயத்துக்கு வரும். அதில் இடமில்லாமல் பிள்ளைகள் மடியில் மடியில் உட்கார்ந்து போவார்கள். எங்கள் பிள்ளைகளைவிட அந்த வேனில் போகிறவர்கள் அதிகம்.

ஆலீஸ் டீச்சர் சும்மா இருக்கிறவர் இல்லை. பஞ்சாயத்து மெம்பரை விடாமல் போய்ப் பார்த்துச் சுவருக்குப் பெயிண்ட் வாங்கினார். வெளிச்சுவர் முழுக்க ரயில் பெட்டி வரைந்தார்கள். வகுப்பறை வாசல்தான் ரயில் பெட்டியின் கதவு. இந்த மலையில் ரயிலைப் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஒரு பையன் என்னிடம் வந்து, மாமா, இது கரண்டு வந்தால் ஓடுமா என்று கேட்டான். பிறகு பெரிய டிவி வந்தது. ஒன்றாம் வகுப்பில் இங்கிலீஷும் உண்டு என்று போர்டு வைத்தார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் பத்தொன்பதிலேயே நின்றது.

ஓணம் முடிந்ததும் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இரண்டு டீச்சர்மாரும் நோட்டீஸ் கட்டோடு புறப்பட்டார்கள். போனது பகல் பதினொரு மணி. லயம் முழுக்கப் பூட்டு. நாய்களும் கோழிகளும்தான் இருந்தன. கதவிடுக்கில் நோட்டீஸைச் சொருகிவிட்டு வந்தார்கள். மறுபடி ஒரு நாள் மூன்று மணிக்குப் போனார்கள், அப்போதும் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை போனார்கள். பாதிப் பேர் டவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். இருந்தவர்கள் நாற்காலி போட்டு, பால் விடாத கட்டன் சாயா கொடுத்து, எல்லாம் கேட்டுவிட்டு, பார்க்கலாம் டீச்சர் என்றார்கள். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது ஆலீஸ் டீச்சருக்குப் புரியவில்லை. திரும்பி வந்து, பதினாலு பேர் சேர்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று நோட்டில் எழுதி வைத்தார். முத்துலட்சுமி டீச்சர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

3. கட்டன் சாயா

காலையில் வரும் பிள்ளைகளுக்கு நான் தினமும் கேட்டைத் திறந்துவிட ஆரம்பித்திருந்தேன். அதற்காகவே ஏழேகாலுக்கு வருவேன். பள்ளிக்கூடத்து அரிசியைத் தொட மாட்டேன், அது மதியத்துக்கு எழுத்தில் உள்ள அரிசி. பிள்ளைகள் வீட்டிலிருந்தே தூக்குவாளியில் பழையதோ ரொட்டியோ கொண்டுவருவார்கள். நான் கட்டன் போட்டுக் கொடுப்பேன். அடுப்புக்குப் பக்கத்தில் வாளிகளை வரிசையாக வைத்துச் சூடாக்கிக் கொடுப்பேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஒரு நாள் ஆலீஸ் டீச்சர் ஏதோ வேலையாகச் சீக்கிரம் வந்து இதைப் பார்த்துவிட்டார். முகம் மாறிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, இந்த நேரத்துல ஒரு குட்டி விழுந்து கை ஒடிஞ்சா, நான் யாருக்கு என்ன பதில் சொல்றது? ஸ்கூல் டைமே ஆகலியே.”

“சரி டீச்சர், நாளைக்குப் பூட்டிடுறேன். ஆனா அதுக வெளிய படியில உக்காரும். அங்கதான் ரோடு. தேயிலை லாரி திரும்புற இடம்.”

அவர் கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பார்த்தார். ஒரு சின்னவள் கட்டனை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். “நான் இதப் பாக்கல” என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார். அப்படித்தான் அது நடந்தது. யாரும் அனுமதி கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

தங்கராஜ் என்ற சூப்பர்வைசர், பெரட்டில் பெயர் கூப்பிடுபவர், சாயாக் கடையில் எனக்குப் பழக்கம். அவர் மகன் வேனில் போகிறவன். ஒரு நாள் நான் சாதாரணமாகத்தான் கேட்டேன், இங்கிலீஷுக்காகத்தானே அவ்வளவு தூரம் அனுப்புகிறீர்கள் என்று.

“இங்கிலீஷா? அங்க போயும் தப்புத் தப்பாத்தான் எழுதுதான். வேன் ஏழு மணிக்கு வருது, அதான். நானும் பெரட்டுல, அவளும் பெரட்டுல. பத்து மணி வரைக்கும் புள்ளைய எங்க போட?”

எனக்குச் சட்டென்று விளங்கியது. ரயில் சுவருக்கும் டிவிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பத்து மணிப் பள்ளிக்கூடம் ஏழரை மணி வேலைக்காரர்களுக்கு உதவாது. நடுவில் இரண்டரை மணி நேரம் பிள்ளை தெருவில் நிற்கிறது. வேன் பீஸ் கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்துவிட்டார்கள். முடியாத பத்தொன்பது பேர் எங்களிடம் இருந்தார்கள்.

முத்துலட்சுமி டீச்சரிடம் போய்ச் சொன்னேன். இது அவருக்கு முன்பே தெரியும். தானும் இந்தப் படியில் உட்கார்ந்து வளர்ந்தவள்தான் என்றார். அப்புறம் ஏன் ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பெயிண்ட் அடிக்கிற அன்னைக்குச் சொன்னேண்ணே. தினக்கூலிக்காரி பேச்சு, சுண்ணாம்பு காயுறதுக்குள்ள மறந்து போச்சு.”

4. குமுளிக்குப் போன நாள்

இந்தப் பகுதியை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றதைச் சொல்லிப் பிரயோசனமில்லை.

ஐப்பசியில் குமுளி லாட்ஜ் ஒன்றிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள். பழைய முதலாளியின் தம்பி நடத்துகிற இடம். வந்து சமையல்கட்டைப் பார், பிடித்தால் கிறிஸ்துமஸுக்கு முன் சேர்ந்துகொள் என்றார். ஐந்து மாதம் ஒரே இடத்தில் இருந்தாயிற்று, கால் அரித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன். திங்கட்கிழமை மதியம்தான் திரும்ப முடியும் என்று தெரியும். அதனால் மதியச் சமையலுக்கு லயத்திலிருந்து ஓர் அக்காவை ஏற்பாடு செய்து, சாவி கொடுத்து, அரிசி அளந்து வைத்து, முத்துலட்சுமி டீச்சரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனேன். சமையல் என்னுடைய வேலை, அது ரெக்கார்டில் இருக்கிறது. அதற்கு மாற்று ஆள் வைக்க வேண்டும் என்று தோன்றியது. காலை ஏழேகாலுக்குக் கேட் திறப்பது எந்த ரெக்கார்டிலும் இல்லை. அதற்கு ஆள் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டீச்சருக்கும் தோன்றவில்லை. அந்த அக்கா ஒன்பது மணிக்கு வந்தாள்.

அன்று நல்ல மழை. ஒன்பது பிள்ளைகள் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். எட்டரை மணி வரை நின்று பார்த்துவிட்டு, இசக்கி என்ற இரண்டாம் வகுப்புப் பிள்ளை, நான் எங்க அம்மாகிட்டப் போறேன் என்று மலை ஏறிவிட்டாள். அவள் அம்மா பார்வதி சனிக்கிழமை நாலாம் நம்பர் காட்டில் கொழுந்து எடுத்தவள். பிள்ளை அங்கே போயிருக்கிறாள். அன்றைக்குப் பார்வதிக்கு ஒன்பதாம் நம்பர் காடு. அது எதிர்ச்சரிவு.

அக்கா வந்து கேட்டைத் திறந்ததும் மற்ற பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஓடிப்போய்த் தோட்டத்தில் சொல்லவும், பெண்கள் எல்லாம் கொழுந்தை அப்படியே போட்டுவிட்டுத் தேடியிருக்கிறார்கள். பத்தரை மணிக்கு நாலாம் நம்பர் காட்டில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் கண்டுபிடித்தார்கள். புத்தகப் பை நனையக் கூடாது என்று அதைச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். இரண்டு காலிலும் அட்டை.

நான் மதியம் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே சாயாக் கடையில் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சாயங்காலம் பார்வதி வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். ஈரச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே நின்று மெதுவாகத்தான் பேசினாள்.

“நீங்க திறக்காம இருந்த காலத்துல எம்புள்ள படியில இருந்துச்சு, எங்கயும் போகல. நீங்கதான உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுப் பழக்குனீக. பழக்குனவுக ஒரு நாள் இல்லன்னா, புள்ள எங்கண்ணே போவும்?”

இடுப்புச் சாக்கின் நுனியைப் பிழிந்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

“கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சதும் வேனுக்குச் சொல்லிட்டேன். கடன ஒடன வாங்கியாவது அனுப்பிக்கிடுதேன். இன்னும் நாலு பேரு சொல்லுதாவ.”

இசக்கிக்கு மூன்று நாள் காய்ச்சல். பத்தொன்பதில் ஐந்து போனால் பதினாலு. ஜூன் வரை காத்திருக்கவே வேண்டாம்.

5. பெரட்டில் டீச்சர்

ஆலீஸ் டீச்சர் என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அன்று சாயங்காலம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அண்ணாச்சி, அம்மமார் எல்லாரையும் எங்க பார்க்கலாம்?” பெரட்டில்தான் பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மூன்று பேரும் களத்துக்கு ஏறினோம். ஆலீஸ் டீச்சருக்கு மூச்சு வாங்கியது. மேலே போய்ப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அறுபது எழுபது பெண்கள், இடுப்பில் சாக்குக் கட்டி, வரிசையாக. டீச்சர்மார் மூன்று தடவை லயத்துக்கு அலைந்து பூட்டைப் பார்த்துவிட்டு வந்தார்களே, அந்தத் தாய்மார் எல்லோரும் தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நின்றிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நடந்தால் கால் மணி நேரம்.

தங்கராஜிடம் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு டீச்சர் பேசினார். நேற்று பிள்ளைகள் மழையில் நின்றது எங்கள் தப்பு, அண்ணாச்சியின் தப்பு மட்டுமல்ல, நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன், அதுதான் பெரிய தப்பு என்றார். மலையாளமும் தமிழுமாகத்தான் சொன்னார், எல்லோருக்கும் விளங்கியது.

பார்வதிதான் முதலில் வாய் திறந்தாள். “லயத்துக்கு மூணு தரம் வந்தீகன்னு நோட்டீஸப் பார்த்துத்தான் தெரிஞ்சுது டீச்சர். பூட்டுன வீட்டுல யாருகிட்டப் பேசுவீக? எங்களப் பாக்கணும்னா இங்கதான பாக்க முடியும்.”

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேலியாக ஒரு வார்த்தை போட்டாள்: “பேசாம பெரட்ட அங்கன பள்ளிக்கூடத்துல போட்டுருங்க சார். டீச்சருக்கு ஏறி வார பாடாவது மிச்சம்.”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கராஜும், ஆமாம், மணியடித்து எனக்கும் சோறு போடுவார்கள் என்றார். ஆலீஸ் டீச்சருக்கு அது கேலி என்று படவில்லை. நிஜமாகவே யோசித்துவிட்டு, “அதுக்கு யார்கிட்ட அபேட்சை கொடுக்கணும்?” என்று கேட்டார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

அபேட்சையை, அதாவது மனுவை, டீச்சரே எழுதினார், மேனேஜரிடம் டீச்சரே போனார். தங்கராஜ் கூடப் போனார். மேனேஜர் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்: எட்டு மணிக்கு ஆள் காட்டில் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து சில காடுகளுக்குப் பத்து நிமிடம் கூடுதல் நடை. அப்படியானால் பெரட்டைப் பத்து நிமிடம் முன்னால் வைக்க வேண்டும். பிள்ளை இல்லாத பெண்கள் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு அக்கா, எம்புள்ளைக்குக் கல்யாணமே ஆயிட்டு, நான் என்னத்துக்கு நடக்கணும் என்று இரண்டு வாரம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். ஆனாலும் நடந்தாள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ. கூட்டத்தில் மினிட்ஸ் புத்தகத்தில் காலை ஏழு மணி முதல் யார் பொறுப்பு என்று எழுதினார்கள். கேட்டுக்கு மூன்று சாவி செய்தோம். எனக்கு ஒன்று, முத்துலட்சுமி டீச்சருக்கு ஒன்று. மூன்றாவதை ஆலீஸ் டீச்சரே எடுத்துக்கொண்டு, திங்களும் வியாழனும் முதல் பஸ்ஸில் வருவதாகத் தன் பெயரையும் எழுதினார். பார்வதி அந்தப் பக்கத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தாள். “சரி, வேனுக்கு ஒரு மாசம் கழிச்சுச் சொல்லுதேன்” என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் இறங்கி வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

குமுளிக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை வேறு ஆளைப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

6. ஐந்து வரி

ஜனவரியிலிருந்து பெரட்டு பள்ளிக்கூட மைதானத்தில். தாய்மார் பிள்ளையோடு வருவார்கள், பிள்ளை உள்ளே போகும், அவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

பத்து மணி வரை பிள்ளைகளைச் சும்மா வைத்திருக்க முடியாது. முத்துலட்சுமி டீச்சர் வாசிக்க வைக்க ஆரம்பித்தார். பாடம் நடத்துவதில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு வாசித்துக் காட்ட வேண்டும். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் நாலு பேர் இருந்தார்கள். அவர்களை மட்டும் என் அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு வந்து உட்காருவார். வகுப்பில் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று வாயே திறக்காதவர்கள், நான் பயறு பொறுக்கிக்கொண்டிருக்கும்போது என் எதிரில் தாராளமாகத் தப்பு விட்டார்கள். எனக்கும் அவ்வளவாக வாசிப்பு வராது என்று அவர்களுக்குத் தெரியும். மார்ச்சுக்குள் நாலு பேரும் வாசித்தார்கள். நானும் கொஞ்சம் தேறினேன்.

தங்கராஜ் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு பிள்ளை ஐந்து வரி வாசிக்கட்டும் என்று முத்துலட்சுமி டீச்சர் கேட்டு வாங்கினார். தினம் ஒரு பிள்ளை. தமிழ்ப் பத்திரிகைத் துண்டோ, பாடப் புத்தகமோ, ஐந்தே வரி. முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் அந்த ஐந்து வரிக்கு மட்டும் மைதானம் அடங்கிவிடும். இசக்கி வாசித்த அன்று பார்வதி குனிந்து சாக்குக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் வாசித்து முடிகிற வரை நிமிரவே இல்லை.

வேனில் பிள்ளையை அனுப்புகிற தாய்மாரும் அந்த வரிசையில்தான் நின்றார்கள். அவர்களிடம் யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. பிப்ரவரி கடைசியில் ஒருத்தி வந்து முத்துலட்சுமி டீச்சரிடம், எங்க வீட்டுப் பய இங்கிலீஷ்ல பாட்டெல்லாம் பாடுதான், ஆனா பார்த்து வாசிக்க மாட்டங்கானே என்றாள். அதுதான் முதல் ஆள்.

7. ஆறாம் நாள்

மே மாதம் பாதித் தோட்டம் திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்விடும். அங்கே தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் திறக்கப் பிந்துவதால், இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு ஜூன் நடுவில் திரும்புவார்கள். முந்தின வருடங்களில் ஆறாம் நாளில் தலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்தத் தடவை ஏப்ரலில் கடைசிப் பெரட்டிலேயே ஆலீஸ் டீச்சர் தேதியைச் சொல்லிவிட்டார். நான் ஒரு கரியை எடுத்து ரயில் சுவரிலேயே பெரிதாக எழுதினேன். டீச்சர் திட்டவில்லை.

ஆறாம் நாள் காலை. தங்கராஜ் பெயர் கூப்பிட்டு, காடு பிரித்துவிட்டார். வழக்கமாக அந்த நிமிடமே கலைந்து நடப்பார்கள். அன்று யாரும் நகரவில்லை. கல்யாணமான மகள் இருக்கிற அந்த அக்காகூட நின்றாள். என்ன, போகலையா என்று தங்கராஜ் கேட்டார். டீச்சர் எண்ணட்டும், அப்புறம் போகலாம் என்றார்கள். எட்டு மணிக்குக் காட்டில் நிற்க வேண்டும் என்று அவர் ஒரு தடவை சொன்னார். பிறகு அவரும் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மகனும் வரிசையில் இருந்தான். முந்தின வாரம்தான் வேனை நிறுத்தியிருந்தார், என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அட்டெண்டன்ஸ் முறைப்படி பத்து மணிக்குத்தான். ஆனாலும் முத்துலட்சுமி டீச்சர் ரிஜிஸ்டரை எடுத்துவந்து மைதானத்திலேயே பெயர் கூப்பிட்டார். அவருடைய வேலையே அந்தக் கணக்கில்தான் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் “ஆஜர் டீச்சர்” என்று சொல்லும்போது பெண்கள் உதட்டுக்குள் எண்ணினார்கள். இருபத்தெட்டு. பெயர்கள் முடிந்துவிட்டன. இன்னும் மூன்று பேர் கொடையிலிருந்து வர வேண்டும், குமுளி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்வதி சொன்னாள். போன் போட்டுப் பேசிவிட்டாளாம்.

பெண்கள் காட்டுக்குப் போனார்கள். அதற்குமேல் காத்திருக்க முடியாது. நாங்கள் காத்திருந்தோம். ஒன்பதே முக்காலுக்கு அந்த மூன்று பேரும் புத்தகப் பை இல்லாமல், நெற்றியில் கோயில் குங்குமத்தோடு, கையில் முறுக்குப் பொட்டலத்தோடு மைதானத்தில் ஓடி வந்தார்கள். பத்து மணி அட்டெண்டன்ஸில் முப்பத்தொன்று. ஆலீஸ் டீச்சர் அதை ஆபீசுக்கு அனுப்பினார். முத்துலட்சுமி டீச்சருக்கு இன்னும் ஒரு வருடம் அனுமதி வந்தது. நிரந்தரம் ஆகவில்லை. இப்போதும் ஒவ்வொரு ஜூனும் அதே பயம்தான்.

பள்ளிக்கூடத்தைச் சீராக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் தெரிந்த இரண்டு காரியம் சொல்கிறேன். பத்து மணிக்குப் போய் நின்று பார்த்தால் பத்து மணிப் பள்ளிக்கூடத்தில் என்ன குறை என்று தெரியாது. பெயிண்டுக்கும் டிவிக்கும் முன்னால், அந்தப் பிள்ளையின் அம்மா எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டுகிறாள் என்று கேளுங்கள். அடுத்தது, நீங்கள் பிரியத்தில் தனியாகச் செய்கிற காரியம் எதுவாக இருந்தாலும், பிள்ளைகள் அதை நம்பத் தொடங்கிய அன்றே நாலு பேர் பொறுப்பில் அதை எழுதி வையுங்கள். பிள்ளைக்கு உங்கள் பிரியம் தெரியும், நீங்கள் ஊருக்குப் போகிற தேதி தெரியாது.

இது எனக்கு இங்கே மூன்றாவது வருடம். போன மாதம் செங்கோட்டையில் தங்கை வீட்டு விசேஷத்துக்கு நாலு நாள் போயிருந்தேன். இரண்டாம் நாள் காலை ஏழேகாலுக்கு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முத்துலட்சுமி டீச்சருக்குப் போன் போட்டேன். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

“என்னண்ணே, எதுவும் அவசரமா?”

“ஒண்ணுமில்ல டீச்சர். சும்மாதான்.”

“அப்ப வைக்கேண்ணே. பெரட்டுக்கு ஆள் வந்தாச்சு.”